கல்லுக்கு மாலை போடலாமா?

தில்லை நகரில் நடந்த நமது கூட்டமொன்றில் பிரசங்கம் முடியும் தறுவாயில் மேடைக்கு ஒரு சீட்டு வந்தது. கேள்விச் சீட்டு வருவது நமக்குப் புதிதல்ல. "கடவுள் இல்லையென்றால் மழை பெய்விப்பது யார்?" என்பது முதல் "உங்கள் வீட்டுப் பிணத்தை யார் தூக்குவார்?" என்பது வரையில் எத்தனையோ சீட்டுகளை வாசித்துப் பதில் சொல்லியிருக்கிறோம். ஆனால் இந்தச் சீட்டை எழுதியவர் விஷயம் தெரிந்தவராய்க் காணப்பட்டார். அவர் எழுதியிருந்ததாவது:

"கல்லைக் கும்பிடுவது மடமை என்கிறீர்கள். புனாவுக்குப் பக்கத்தில் கோரேகான் என்னும் ஊரில் வெள்ளைக்காரன் நட்ட ஒரு கல்தூணுக்கு ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் லட்சக்கணக்கான பேர் போய் மாலை போட்டு வணங்குகிறார்கள். அதைப் பெருமையாகப் பேசுகிறீர்கள். அது மட்டும் கல் அல்லவா? அதிலும், நம் நாட்டு அரசனைத் தோற்கடித்ததற்கு அந்நியன் நட்ட கல்லுக்கு மாலை போடுவது தேசத் துரோகம் அல்லவா?"

ஒலிபெருக்கிக்குக் கிடைத்த அனுமதி இரவு பத்து மணி வரைக்குந்தான். மணி பத்தாகச் சில நிமிஷங்களே இருந்தன. இரண்டு வார்த்தையில் மழுப்பிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் அது அந்தத் தோழருக்கு மரியாதை ஆகாது. நமக்கும் யோக்கியதை ஆகாது. பத்திரிகையில் எழுதுகிறோம் என்று சொல்லி இறங்கினோம். அந்த வாக்குப்படி எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கல் இன்னது என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புனா நகருக்கு வடகிழக்கே பீமா என்று ஓர் ஆறு. அதன் கரையில் கோரேகான் என்று ஒரு கிராமம். 1817 டிசம்பர் 31-ந் தேதி இரவு சிரூர் என்னும் ஊரிலிருந்து காப்டன் ஸ்டான்டன் என்பவரின் கீழ் கும்பினிப் பட்டாளம் ஒன்று புனாவை நோக்கிப் புறப்பட்டது. பம்பாய் சுதேசிக் காலாட்படைச் சிப்பாய்கள் சுமார் 500 பேர், குதிரைக்காரர் சுமார் 300 பேர், இரண்டு பீரங்கி, அவற்றை இயக்க 24 வெள்ளைக்காரப் பீரங்கிக்காரர். இந்த 24 பேரும் நமது சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்கள். இராமுழுதும் சுமார் 25 மைல் நடந்து, பொழுது விடிந்து ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால் எதிர்க்கரையில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் சேனை நிற்கிறது. அது 28,000 பேர் என்று சொல்லப்படுகிறது. ஸ்டான்டன் தம் ஆட்களைக் கோரேகானின் மண் சுவருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டார்.

அன்று 1818 ஜனவரி முதல் தேதி. நாள் முழுதும் சண்டை. முதல் நாள் இரவு நடந்த களைப்பு, வயிற்றில் சோறில்லை, கண்ணெதிரே ஆறு ஓடியும் குடிக்கத் தண்ணீரில்லை. தாகம் பொறுக்காமல் பீரங்கிக்காரர் சிலர் சரணாகதி அடைந்துவிடலாமென்றார்கள். அவர்களது அதிகாரியான சிஸ்ஹோம் என்பவரின் தலையை எதிரிகள் வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த முண்டத்தைக் காட்டி, பிடிபட்டால் இதுதான் கதி என்று ஸ்டான்டன் சொன்னதாக எழுதப்பட்டிருக்கிறது. இருட்டிய பிறகு சண்டை ஓய்ந்தது. கும்பினிக்குப் பெரிய படையொன்று உதவிக்கு வந்துவிடுமென்று எண்ணிப் பேஷ்வா சேனை விலகிப் போயிற்று. கும்பினிப் பக்கத்தில் செத்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்ந்து 275 பேர். அதாவது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

மூன்று வருஷம் கழித்து 1821 மார்ச்சு 26-ல் அந்த இடத்தில் ஒரு ஜயஸ்தம்பத்திற்குக் கும்பினியார் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். அடி அகலமாய், மேலே போகப் போகக் குறுகி, அறுபதடி உயரத்துக்குக் கொஞ்சம் ஏறத்தாழ நிற்கும் தூண் அது. வானம் பார்த்த வெளியிலே நிற்கிறது. கோபுரம் இல்லை, கருவறை இல்லை, பூசாரி இல்லை. இங்கிலீஷிலும் மராத்தியிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. கீழை நாட்டில் ஆங்கிலப் பட்டாளம் அடைந்த வெற்றிகளில் மிகப் பெருமை வாய்ந்தது இது என்கிற தோரணையில் கும்பினி தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறது. அது எல்லா அரசனும் செய்கிற காரியந்தான்.

நிற்க. இந்த இடத்தில் நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தச் சண்டையைப் பற்றி இப்போது மேடைகளிலே சொல்லப்படும் கதை என்னவென்றால், 500 மஹார் வீரர்கள் 28,000 பேஷ்வா சேனையைக் கொன்று குவித்து ஒரே நாளில் பேஷ்வா ராஜ்யத்தையே ஒழித்துக்கட்டினார்கள் என்பதாகும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பகுத்தறிவுக்காரன் தனக்கு இனிக்கும் கதையையும் உரைத்துப் பார்க்க வேண்டியவன் அல்லவா? பேஷ்வா சேனையில் ஆற்றைக் கடந்து வந்து சண்டையிட்டது சுமார் 2,000 பேர். சண்டைக்கு இரண்டு மாதங்களுக்கு உட்பட்டே, 1817 நவம்பரில், புனா பட்டணம் கும்பினி வசமாகிவிட்டது. கோரேகானில் சண்டை முடிந்ததும் ஸ்டான்டன் புனாவுக்கு முன்னேறவில்லை. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட சிரூருக்கே திரும்பினார். பாஜிராவ் அதற்குப் பிறகும் ஐந்து மாதம் ஓடித் திரிந்து 1818 ஜூனில் சரணடைந்து, வருஷத்திற்கு எட்டு லட்சம் ரூபாய் பென்ஷன் வாங்கிக்கொண்டு கங்கைக் கரையில் போய் உட்கார்ந்தார். கும்பினிப் படையில் இருந்தவர்கள் எல்லோரும் மஹார்களும் அல்லர். மராட்டியர் இருந்தார்கள், ராஜபுத்திரர் இருந்தார்கள், முஸ்லிம் இருந்தார்கள், யூதர் கூட இருந்தார்கள். அதுபோலவே பேஷ்வா பக்கத்தில் உயிரைக் கொடுத்துச் சண்டையிட்டவர்களில் முன்னணியில் நின்றவர்கள் கூலிக்கு வந்த அராபியர்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்லுகிறோம்? பத்துத் தலை ராவணன் கதையை நம்பாதே என்று ஊர் ஊராய்ச் சொல்லிவிட்டு, நாமே ஒரு புராணம் கட்டினால் ஊரான் சிரிக்க மாட்டானா? நம்மவன் கட்டினாலும் புராணம் புராணந்தான். மேலும் அந்தக் கல்லுக்குப் புராணமே தேவையில்லை. அதில் உள்ள உண்மையே போதும்.

அந்த உண்மை யாது? அந்தத் தூணில் செத்துப்போன சிப்பாய்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவை 49. அவற்றில் 22 பெயர்கள் "நாக்" என்று முடிகின்றன. நம் பக்கத்தில் பெயரைக் கேட்டதும் ஜாதியைக் கண்டுபிடித்துவிடுகிற மாதிரி, மராத்தி தேசத்தில் அந்தக் காலத்தில் "நாக்" என்று முடிந்தால் அவன் மஹார். மஹார் என்றால் ஊருக்கு வெளியே இருக்கிறவன். ஊர் எல்லை காப்பவன். செத்த மாட்டை அப்புறப்படுத்துகிறவன். தொட்டால் தீட்டு, நிழல் பட்டாலும் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவன்.

பேஷ்வாக்களின் ஆட்சியில் புனாவில் அவனுடைய நிலைமை என்ன என்பதை டாக்டர் அம்பேத்கர் 1936-ல் ஜாதி ஒழிப்பைப் பற்றிய தமது நூலில் எழுதியிருக்கிறார். நடந்த காலடி மண்ணைக் கூட்டிக்கொண்டே போக இடுப்பிலே ஒரு துடைப்பம். எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்திலே ஒரு மண் கலயம். லாகூரில் பேசுவதற்காக எழுதி, அழைத்தவர்களே பயந்துபோய் நிறுத்திவிட்ட பேச்சு அது. உடனேயே தமிழில் மொழிபெயர்த்து "குடிஅர"சில் வெளியிடப்பட்டது. ஆகவே பழைய வாசகர் வீட்டுப் பரணில் அது இன்னமும் இருக்கக்கூடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எந்த மனிதன் நடந்த தடம் ஊரிலே மிஞ்சக்கூடாது என்று துடைப்பம் கட்டினார்களோ, அந்த மனிதனுடைய பெயர், அதே தேசத்தில், மூன்றே வருஷத்தில், கல்லிலே வெட்டப்பட்டு நிற்கிறது. அவன் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் காற்றோடு போய்விட்டன. மஹாருடைய பெயரை எந்தக் கோயில் சுவரில் எழுதியிருப்பார்கள்? நமது ஸ்ரீரங்கத்துக் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு அறுநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டிருக்கின்றன. சோழன் கொடுத்த நிலம், பாண்டியன் வேய்ந்த பொன், விஜயநகரத்தார் விட்ட கிராமம், விளக்குக்கு விட்ட ஆடு மாடு உட்படக் கணக்கிருக்கிறது. அந்தக் கற்களை மலையிலிருந்து பிளந்து, ஆற்றைத் தாண்டி இழுத்து வந்து, தூக்கி நிறுத்தினானே அவன் பெயரைத் தேடிப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரை வீட்டிலக்கத்தோடு வெட்டிவைத்தான். அதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அவர்கள் கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட சொத்து என்கிற கணக்கில் வருகிறார்கள். செய்த காரியத்துக்காகப் பெயர் வெட்டுவது வேறு. சொத்து ஜாபிதாவில் பெயர் வருவது வேறு.

"தேசத் துரோகம்" என்ற கேள்விக்கு வருவோம். துரோகம் என்றால் முதலில் சம்பந்தம் இருக்க வேண்டும். உண்ட வீட்டுக்குத்தான் இரண்டகம் செய்ய முடியும். கிணற்றில் தண்ணீர் மொள்ளக்கூடாது, தெருவில் காலையிலும் மாலையிலும் நிழல் நீளும் நேரத்தில் வரக்கூடாது என்று வைத்திருந்தவனைப் பார்த்து, "உன் ராஜ்யம் பறிபோகிறது, நீ ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? அப்படியே பார்த்தாலும், அன்று கும்பினிச் சம்பளம் வாங்கிச் சண்டை போட்டவர்களில் எல்லா ஜாதியாரும் இருந்தார்கள் என்று மேலே காட்டினோம். மராட்டியர் பெயரும் அதே தூணில் இருக்கிறது. அவர்களைத் துரோகி என்று ஒருவரும் சீட்டு எழுதுவதில்லையே! கும்பினிக்குத் துபாஷாயும், குமாஸ்தாவாயும், திவானாயும் இருந்து மாளிகை கட்டினவர்கள் பேரால் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. அவர்களெல்லாம் தேசபக்தர்கள்; கழுத்துக் கலயத்தைக் கழற்றியெறிந்துவிட்டுத் துப்பாக்கி பிடித்தவன் மட்டும் துரோகியா?

ஆனால் வெள்ளைக்காரன் நல்லவன் என்று நாம் சொல்ல வரவில்லை. அவனுடைய நன்றி எப்படிப்பட்டது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பெயரைக் கல்லிலே வெட்டினவன், 1890-களின் தொடக்கத்தில், "போர்க்குணமுள்ள ஜாதி", "போர்க்குணமில்லாத ஜாதி" என்று ஒரு புது மனுதர்மம் கற்பித்துக்கொண்டு, மஹார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டான். மேல் ஜாதிச் சிப்பாய் கீழ் ஜாதி சுபேதாருக்கு ஸலாம் போட மறுக்கிறான் என்றால், மறுக்கிறவனைத் தண்டிப்பதைவிடச் சுபேதாரை விலக்குவது சுலபம் அல்லவா? கோபால் பாபா வலங்கர் என்ற ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர் 1894-ல் இதை எதிர்த்து ஒரு மனு எழுதினார். 1910-ல் சிவராம் ஜான்பா காம்ளே என்பவர் லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கே மனு அனுப்பினார். எங்கள் பாட்டன்மார் உங்களுக்காகச் செத்தார்களே, எங்களைப் பட்டாளத்திலும் போலீசிலும் ஏன் சேர்க்கவில்லை என்பதே அந்த மனுக்களின் சாரம். முதல் மகா யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1917-ல் ஒரு மஹார் படை திரட்டினான். யுத்தம் தீர்ந்ததும் 1921-ல் கலைத்துவிட்டான். இரண்டாவது யுத்தத்தில் ஆள் வேண்டியிருந்தபோது, 1941-ல், மஹார் ரெஜிமெண்டு ஏற்பட்டது. அதன் சின்னத்தில் அந்தக் கோரேகான் தூணையே போட்டுக்கொடுத்தான். தேவைப்பட்டால் தூண், தேவையில்லாவிட்டால் துடைப்பம்!

இது நம் நாட்டு விபரீதம் மட்டுமல்ல. சமத்துவத்தின் பேரால் ஏற்பட்டதாகச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்காவையும் பாருங்கள். பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் பங்கர் ஹில் சண்டையின் ஞாபகார்த்தமாக இதே மாதிரியான ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. உயரம் 221 அடி. சண்டை நடந்தது 1775 ஜூன் 17. (அந்தச் சண்டையில் குன்றைப் பிடித்தது ஆங்கிலேயன், அமெரிக்கர் பின்வாங்கினார்கள். தோற்ற சண்டைக்கும் தூண் உண்டு என்பதை நமது தேசபக்தர்கள் கவனிக்கவும்.) 1825-ல் அஸ்திவாரம். கல்லைக் கொண்டுவருவதற்கென்றே 1826-ல் தண்டவாளம் போட்டுக் குதிரை கட்டி இழுத்தார்கள். பணமில்லாமல் வேலை பல வருஷம் நின்றது. கடைசியில் 1840-ல் பெண்கள் ஒரு சந்தை கூட்டி, கைவேலைச் சாமான்களை விற்றுப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். 1843 ஜூன் 17-ல் திறப்பு விழா.

அந்தச் சண்டையில் நீக்ரோக்களும் நின்று போராடினார்கள். பீட்டர் சேலம் என்பவர் ஒருவர். சேலம் பூர் என்பவர் மற்றொருவர். இவருடைய வீரத்தை மெச்சி அதிகாரிகள் 14 பேர் கையெழுத்திட்டு மாசசூஸெட்ஸ் சபைக்கு அதே வருஷம் டிசம்பரில் விண்ணப்பம் அனுப்பினார்கள். ஆனால் அதற்கு முந்திய மாதம், நவம்பரில்தான், சேனாதிபதி வாஷிங்டன் இனிமேல் நீக்ரோக்களைப் பட்டாளத்தில் சேர்க்கக்கூடாதென்று உத்தரவு போட்டிருந்தார். பிறகு ஆள் போதாமல் அந்த உத்தரவைத் தளர்த்தினார். 68 வருஷம் கழித்துத் தூணைத் திறந்த விழாவுக்கு வந்து உட்கார்ந்த ஜனாதிபதி டைலர், அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்த ஆசாமி. 1840-ல் எடுத்த குடிக்கணக்குப்படி அந்த நாட்டில் அடிமைகள் சுமார் 25 லட்சம் பேர். சுதந்திரத்துக்குத் தூண், அந்தத் தூணின் கீழ் அடிமைக்காரன்! கடல் தாண்டினாலும் சங்கதி ஒன்றாகத்தான் இருக்கிறது.

இந்த இரண்டு தூண்களிலும் கும்பினித் தூணுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதை நட்டவன் தன் பெருமைக்கு நட்டான். ஆனால் கீழே வெட்டிய பெயர்களை ஒரு நாள் அவர்களுடைய பேரப்பிள்ளைகளே வந்து வாசிக்கப்போகிறார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. 1927 ஜனவரி முதல் தேதி டாக்டர் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். அவர் தகப்பனார் ராம்ஜி பட்டாளத்தில் சுபேதாராய் இருந்தவர்; அவரே 1891-ல் மாவ் என்னும் பட்டாள ஊரில் பிறந்தவர். ஆகவே அந்தப் பெயர்கள் அவருக்கு அந்நியமல்ல. அங்கு நின்ற மூன்றாவது மாதம், 1927 மார்ச்சு 20-ல், மஹாட் என்னும் ஊரில் பொதுக்குளத்தில் இறங்கி அவர் தண்ணீர் மொண்டு குடித்தார். அவருடன் வந்த ஆயிரக்கணக்கானவர்களும் குடித்தார்கள். கோரேகானில் நின்றதால்தான் மஹாடுக்குப் போனார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஸ்தல புராணமாகிவிடும். குளத்துக்குப் போகப்போகிற ஆள் அதற்கு முன்னே எந்தக் கல்லைப் படித்துவிட்டுப் போனார் என்பதைத்தான் சொல்லுகிறோம்.

இனி சீட்டின் முதற்கேள்வி: அது மட்டும் கல் அல்லவா?

கல்தான். சந்தேகமே வேண்டாம். அதற்கு உயிருமில்லை, சக்தியுமில்லை. அதன் முன்னே தேங்காய் உடைத்தால் பிள்ளை பிறக்காது. மாலை போட்டால் பரீட்சை தேறாது. அங்கு போகிறவர்களில் எவராவது அந்தத் தூணுக்கு வேண்டிக்கொண்டு முடி இறக்கினால், முதலில் கண்டிக்கிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். ஆனால் ஸ்ரீரங்கத்திலோ சமயபுரத்திலோ இருக்கும் கல்லுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாமி என்கிற கல்லை நீ விசாரிக்கக்கூடாது. எப்போது வந்தது, யார் செய்தது, என்ன செய்தது என்று கேட்டால் நாஸ்திகன். "தானாய் முளைத்தது" என்று சொல்லிவிடுவார்கள். கோரேகான் கல்லோ தேதி போட்டு நிற்கிறது. யார் நட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நாம் மேலே செய்தமாதிரி, அது சொல்லுவதில் இது சரி, இது மிகை என்று வாதாடலாம். கல் கோபித்துக் கண்ணைக் குத்தாது.

ஆனால் எச்சரிக்கை வேண்டும். நம் தமிழ்நாட்டிலேயே ஞாபகக் கல் சாமிக் கல்லான வரலாறு இருக்கிறது. போரில் செத்தவனுக்குக் கல் நடுவது நமது பழைய வழக்கம். கல்லைத் தேடுவதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை ஆறு துறை தொல்காப்பியத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. தேனி ஜில்லா புலிமான்கோம்பையில் 2006-ல் ஒரு கல் அகப்பட்டது. மாடு கவரும் சண்டையில் மாண்ட அந்தவன் என்பவனின் பெயர் அதில் தமிழ் எழுத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு சாதாரண மனிதன் பெயர் பிழைத்துக் கிடக்கிறது! ஆனால் தர்மபுரிப் பக்கமும் செங்கம் பக்கமும் போய்ப் பாருங்கள். அதே மாதிரி நடுகல்லுக்கு மஞ்சள் பூசி, எண்ணெய் தடவி, வேடியப்பன் என்று பேரிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். எழுத்தெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் மூடிப்போயிற்று. உள்ளே இருப்பது யார், எதற்காகச் செத்தான் என்று பூசாரிக்கே தெரியாது. பெயர் மறைந்தது, சாமி வந்தது. இதுதான் ஆபத்து.

நம்மைப் பற்றியும் பேசிவிடுவோம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை இருக்கிறது. 2006 டிசம்பரில் திறப்பதற்கு முன்பாகவே சிலர் அதை உடைத்தார்கள். அதே மாதத்திலேயே வேறு சிலை வைத்துத் திறக்கப்பட்டது. உடைத்தபோது "சாமி குத்தம்" என்று நாம் பயப்படவில்லை. சிலைக்கு சக்தி இருந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்குமே என்று எதிரிகள் கேலி பேசினதற்கும் நாம் வெட்கப்படவில்லை. ஏனென்றால் அது சக்தியுள்ளது என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் செப்டம்பர் 17-ந் தேதி அந்தச் சிலைக்கு மாலை போட வருகிற நம் தோழர்களில் சிலர், மாலையைப் போட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுகிறார்களே, அது என்ன? ஒரு தோழர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததை நாமே பார்த்தோம். கேட்டால் "பழக்கதோஷம்" என்றார். பழக்கதோஷந்தான் வேடியப்பனை உண்டாக்கிற்று. ஆகவே சீட்டெழுதிய தோழரே, உம்முடைய முதற்கேள்வியில் பாதியை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். மாலை போடுகிறவன் கீழே எழுதியிருப்பதை வாசிக்காமல் போட்டால், அது புனாவானாலும் ஸ்ரீரங்கமானாலும் உருவ வணக்கந்தான்.

ஆனால் இன்னொரு பாதியை நீர் சீட்டில் எழுதவில்லை. வாசிக்கிறவனுக்கு என்ன நேர்கிறது என்பது அது.

2018 ஜனவரி முதல் தேதி அந்தச் சண்டைக்கு இருநூறாவது ஆண்டு. வழக்கத்துக்கு மேற்பட்ட கூட்டம் வந்தது. வந்தவர்கள் மேல் கல்லெறி நடந்தது, வண்டிகள் கொளுத்தப்பட்டன, ஒரு வாலிபர் உயிரிழந்தார். அதற்கு முந்திய நாள் புனாவில் பேஷ்வாவின் பழைய அரண்மனையான சனிவார் வாடாவுக்கு முன்னால் ஒரு மாநாடு நடந்தது. அந்த மாநாட்டைக் காரணங்காட்டி எழுந்த வழக்கில் எழுத்தாளர், வக்கீல், பேராசிரியர் என்று 16 பேர் கைது செய்யப்பட்டார்கள்.

அந்தப் பதினாறாவது ஆள் நம் ஜில்லாக்காரர். திருச்சி ஜில்லா விரகாலூரில் 1937-ல் பிறந்த ஸ்டான் சுவாமி என்னும் பாதிரியார். பாதிரிகளோடு நமக்குள்ள தகராறு வாசகர்களுக்குத் தெரியும்; மோட்ச நரகத்தைப் பற்றி அவரும் நாமும் ஒரு மேடையில் பேசியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். ஆனால் அவர் ஜார்க்கண்டு பக்கம் போய் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் கிடக்கும் வாலிபர்களுக்காகவும் ஆயுளைச் செலவிட்டவர். மாவோயிஸ்டுகளோடு சம்பந்தம் என்று சொல்லி 2020 அக்டோபர் 8-ல் ராஞ்சியில் அவரைப் பிடித்தார்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். பீமா கோரேகானுக்குத் தாம் போனதே இல்லை என்றும் சொன்னார். வயது 83, நடுக்குவாத நோய். கையால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், குழல் வைத்த குவளை வேண்டுமென்று கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்கவில்லை. விசாரணை தொடங்குவதற்கு முன்பே, 2021 ஜூலை 5-ல், காவலில் இருந்தபடியே பம்பாய் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அவருக்காக ஒருவர் தம் சொந்தப் பட்டா நிலத்தில் ஒரு கல்தூண் நட்டார். எந்த ஜில்லாவில் தெரியுமா? வேடியப்பன் கற்கள் நிறைந்த அதே தர்மபுரி ஜில்லாவில், நல்லம்பள்ளி தாலுகாவில். கூடாது என்று தாசில்தார் தாக்கீது கொடுத்தார். விஷயம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. ஒருவர் தம் சொந்த நிலத்தில் கல் நடுவதற்குத் தடையில்லை என்று 2022-ல் ஹைகோர்ட்டு அந்தத் தாக்கீதை ரத்து செய்தது. மலைக்கோட்டை அளவு பெரிய பாறை இருந்தால் ஒருவரும் அதைக் கேட்பதில்லை. ஒரு சின்னக் கல்லில் ஒரு பெயர் ஏறினதும் தாசில்தார் எழுந்து வருகிறார்!

சீட்டெழுதிய தோழர் பெயர் எழுதவில்லை. அடுத்த தில்லை நகர் கூட்டத்துக்கு வருவாரானால், ஒலிபெருக்கி அடங்கின பிறகும் உட்கார்ந்து பேச நாம் தயார். அந்த 22 பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறோம். அவரையே மேடையேறி வாசிக்கச் சொல்லுவோம்.